கார் ஏசியில் கேஸ் எங்கே கசிகிறது? கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

"போன கோடையில்தான் கேஸ் போட்டேன், அதற்குள் தீர்ந்துவிட்டது" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தீர்ந்துபோக அது பெட்ரோல் இல்லை. கார் ஏசிக்குள் இருக்கும் கேஸ் மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும் இணைப்புகள் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் வெளியேறுவது இயல்பு. பத்து வருடம் ஓடிய காரில் குளிர்ச்சி கொஞ்சம் மங்கியிருந்தால் அது இந்தக் கணக்கில் சேரும். ஒரே வருடத்தில் குளிர்ச்சி போய்விட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

அந்த ஓட்டையைத் தேடாமல் மறுபடி மறுபடி கேஸ் ஏற்றுவதால் வரும் பெரிய நஷ்டம், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசருக்குத்தான். கேஸோடு கலந்துதான் எண்ணெயும் சுற்றுகிறது. கேஸ் வெளியேறும் வழியில் எண்ணெயும் சிறிது சிறிதாகப் போகும். கேஸை மட்டும் நிரப்பிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் எண்ணெய் போதாமல் கம்ப்ரசர் இறுகிவிடும். அதன் உலோகத் தூள், சூட்டை வெளியே விடும் கண்டென்சர் வரை போய் அடைத்துக்கொள்ளும். ஒரு ஓ-ரிங் (இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம்) மாற்றி முடிக்க வேண்டிய வேலை, மொத்த ஏசியையும் மாற்றும் வேலையாகிவிடும். வெளியே போகும் கேஸும் சும்மா போவதில்லை. ஆர்-134ஏ கேஸ் ஒரு கிலோ வெளியேறினால், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். பல நாடுகளில் அதை வேண்டுமென்றே திறந்துவிடுவது சட்டப்படி குற்றம்.

தொடங்கும் முன்

பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். என்ன கேஸ், எத்தனை கிராம், எந்த எண்ணெய் என்று அதில் எழுதியிருக்கும். 1990களின் நடுப்பகுதி முதல் வந்த கார்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ. சமீபத்திய மாடல்கள் பலவற்றில் ஆர்-1234ஒய்எஃப். இரண்டாவது வகை லேசாகத் தீப்பற்றக்கூடியது. அதனால் தீப்பொறி வரும் எந்தக் கருவியும் பக்கத்தில் வேண்டாம். பழைய காலத்தில் சுடர் விளக்கை வைத்துக் கசிவு பார்ப்பார்கள். ஆர்-134ஏ காரிலும் அதைச் செய்யாதீர்கள். இந்தக் கேஸ்கள் நெருப்பில் பட்டால் ஹைட்ரஜன் புளோரைடு என்ற நச்சு வாயு உண்டாகும்.

பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இரண்டும் கட்டாயம். ஆர்-134ஏ திரவமாக வெளியே வந்தால் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும்; தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காற்றைவிடக் கனமான கேஸ் என்பதால் தரையோடு படியும். பள்ளத்துக்குள் இறங்கி வேலை செய்வதாக இருந்தால் காற்றோட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்டென்சர் ஃபேன் சில கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் திடீரென்று சுற்றும். கையை விடும் முன் சாவியை எடுத்துவிடுங்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் கம்ப்ரசருக்குப் போவது உயர் மின்னழுத்தம். ஆரஞ்சு நிற கேபிள் தெரிந்தால், அதற்கான பயிற்சி இல்லாதவர்கள் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி: எவ்வளவு வேகமாகப் போகிறது?

கேஸை மோப்பம் பிடிக்கும் டிடெக்டரைக் கையில் எடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். எந்த முறையில் தேடுவது என்பதைத் தீர்மானிப்பதே இதுதான். சரியான முறையில் தேடாததால்தான் பாதிப் பேர் "லீக்கே தெரியவில்லை" என்று கைவிடுகிறார்கள்.

கணக்கு எளிது. ஸ்டிக்கரில் 550 கிராம் என்று இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் முழு அளவு ஏற்றியிருக்கிறார்கள். இப்போது, கேஸை உறிஞ்சி எடைபோடும் ரெக்கவரி மெஷினில் எடுத்தால் 310 கிராம்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 240 கிராம் போயிருக்கிறது, அதாவது மாதம் 30 கிராம். இது சின்னக் கசிவே இல்லை. எண்ணெய்க் கறை கண்ணுக்குத் தெரிய வாய்ப்பு அதிகம், டிடெக்டர் உறுதியாகக் கத்தும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ காலியாகிறது என்றால் நைட்ரஜனும் சோப்பு நுரையும் போதும். ஒன்றிரண்டு வருடம் தாங்குகிறது என்றால் டிடெக்டரோடு ஒளிரும் சாயமும் பொறுமையும் வேண்டும்.

எடை பார்க்க மெஷின் இல்லையென்றால் பழைய ரசீதைத் தேடி, எந்த மாதம் எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்றாவது பாருங்கள்.

நிற்கும்போது அழுத்தம் பார்த்தல்

காரைப் பல மணி நேரம் நிழலில் நிறுத்தி, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, அழுத்தம் காட்டும் கேஜ் செட்டை மாட்டுங்கள். பெரிய குழாயில் இருப்பது லோ சைடு (குறைந்த அழுத்தப் பக்கம்) போர்ட், சின்னக் குழாயில் இருப்பது ஹை சைடு (அதிக அழுத்தப் பக்கம்) போர்ட். எஞ்சின் ஓடாதபோது இரண்டும் ஒரே அளவைக் காட்டும்.

ஆர்-134ஏ என்றால் 20 டிகிரியில் சுமார் 68 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு), 25 டிகிரியில் 82, 30 டிகிரியில் 97, 35 டிகிரியில் 114. உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும் வரை அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அழுத்தம் சரியாக இருக்கிறது என்பதற்காகக் கேஸ் முழுசாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பாதி போயிருந்தாலும் இதே எண்தான் காட்டும். இதைவிடக் குறைவாகக் காட்டினால் திரவமே மிஞ்சவில்லை, கிட்டத்தட்ட காலி.

நின்ற நிலையில் குறைந்தது 50 பிஎஸ்ஐ இருந்தால்தான் டிடெக்டர் வைத்துத் தேடலாம். அதற்கும் கீழே என்றால் வெளியே தள்ளும் வேகம் போதாது. பூஜ்யத்தில் இருக்கும் காருக்குத் தேடுவதற்காகவே கேஸை நிரப்ப வேண்டாம். நேராக நைட்ரஜனுக்குப் போய்விடுங்கள்.

குளிர்ச்சி குறைந்தாலே கசிவு என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. கண்டென்சர் ஃபேன் சுற்றாமல் இருக்கலாம், கேபின் ஃபில்டர் தூசியால் அடைத்திருக்கலாம். ஏசி ஓடும்போது லோ சைடு, ஹை சைடு இரண்டுமே தாழ்ந்து, கம்ப்ரசரை எஞ்சினோடு சேர்த்துப் பிரிக்கும் கிளட்ச் சில நொடிகளுக்கு ஒருமுறை "டக் டக்" என்று விழுந்து எழுந்தால் கேஸ் குறைவு என்ற சந்தேகம் பலப்படும்.

கண்ணால் தேடுதல்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஒரு நல்ல டார்ச், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி, வெள்ளைத் துணி போதும். தேட வேண்டியது எண்ணெயை. கேஸ் வெளியே வந்ததும் காற்றோடு போய்விடும், எண்ணெய் அங்கேயே தங்கித் தூசியைப் பிடித்துக் கருப்பாக ஒட்டியிருக்கும். மற்ற இடமெல்லாம் காய்ந்த தூசியாக இருக்கும்போது ஒரே ஒரு இணைப்பு மட்டும் ஈரமான அழுக்காகத் தெரிந்தால் துணியால் துடைத்துப் பாருங்கள். மேலே இருக்கும் எஞ்சின் எண்ணெய் சொட்டியதா, அங்கேயே ஊறியதா என்று மேலிருந்து கீழாகத் தடம் பிடிக்க வேண்டும்.

கண்டென்சர்தான் அதிகம் அடிபடும் பாகம். காரின் மூக்கிலேயே நிற்பதால் சாலைக் கற்கள் முதலில் அதன் மேல்தான் விழும். சேறும் இலையும் தங்கும் கீழ் மூலைகளில் அரிப்பு தொடங்கும். பம்பர் மறைப்பதால் மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கீழே படுத்து, கண்ணாடியை நீட்டிப் பாருங்கள். துடுப்புகளுக்கு நடுவே கை அகலத்துக்கு எண்ணெய் ஈரம் இருந்தால் அது சாதாரணமாகப் படிந்த அழுக்கில்லை.

ஹோஸ்களில், ரப்பரும் அலுமினியமும் சேரும் அழுத்திய வளையத்தைப் பாருங்கள். எஞ்சின் ஆடும்போதெல்லாம் அந்த இடம் வளைந்து நிமிரும். குழாய்களைப் பிடித்திருக்கும் கிளாம்புகளுக்குள்ளும் பார்க்க வேண்டும். தண்ணீர் தங்கி, இரும்பும் அலுமினியமும் உரசும் இடத்தில் ஊசி முனை அளவுக்குத் துளை விழும். பின் சீட்டுக்கும் ஏசி இருக்கும் பெரிய வண்டிகளில் தரைக்கு அடியில் நீளமான குழாய்கள் ஓடுகின்றன. அவற்றை மறந்துவிட்டு முன்பக்கமே நாள் முழுக்கத் தேடுபவர்கள் உண்டு.

பிரஷர் சென்சாரின் பிளக்கைக் கழற்றி உள்ளே பாருங்கள். சென்சார் உள்ளுக்குள் கசிந்தால் எண்ணெய் மின் முனைகள் வழியாக வந்து பிளக்குக்குள் தேங்கியிருக்கும். வெளியே எந்த அடையாளமும் இருக்காது.

கம்ப்ரசரின் முன்பக்கம் கொஞ்சம் கவனம் தேவை. ஷாஃப்ட் சீலைச் சுற்றி மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது சில கம்ப்ரசர்களில் இயல்புதான். அதை வைத்து மட்டும் கம்ப்ரசரை மாற்றச் சொல்லக் கூடாது. கிளட்ச் சுற்றும்போது தெறித்த எண்ணெய், அதற்கு நேர் மேலே பானெட்டின் அடிப்பக்கம் ஒரு கோடாகப் படிந்திருந்தால் சீல் போயிருக்கிறது என்று நம்பலாம்.

போர்ட்டின் 'பின்' (pin) வால்வு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் காருக்கு ஒரு முறை கம்ப்ரசர் கசிகிறது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மனசு ஒப்பாமல் வீட்டுக்கு வந்து, மூடி இல்லாமல் கிடந்த லோ சைடு போர்ட்டுக்குள் இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டேன். ஒரு நிமிடத்தில் குமிழி எழுந்தது. சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற சின்ன 'பின்' வால்வு, அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்தக் கார் வந்தாலும் முதலில் நான் நனைத்துப் பார்ப்பது அந்த இரண்டு போர்ட்டுகளைத்தான்.

போர்ட் மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். தூசியைத் தடுக்க மட்டும் அந்த மூடி இல்லை. கேஸை நிறுத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு. தொலைந்திருந்தால் வளையத்தோடு கூடிய சரியான மூடியையே வாங்கிப் போடுங்கள்.

டிடெக்டர் பிடிக்கும் விதம்

கேஜ் ஹோஸை மாட்டும்போது கொஞ்சம் கேஸ் சிந்தும். அது கலையும் வரை காத்திருங்கள். ஃபேன், காற்று, திறந்த கதவு எதுவும் இல்லாத இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் தேட வேண்டும்.

முனையைப் பரப்பிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் வைத்து, நொடிக்கு 2 முதல் 5 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்துங்கள். அவசரமாக ஆட்டினால் எந்த டிடெக்டரும் பயன்படாது. கேஸ் கீழ்நோக்கி இறங்கும் என்பதால் ஒவ்வொரு இணைப்பின் அடிப்பக்கத்தையும் தொட்டு முழு வட்டமாகச் சுற்றி வாருங்கள். நல்ல டிடெக்டர்களில் ஆண்டுக்கு 4, 7, 14 கிராம் என்று உணர்திறனை மாற்றிக்கொள்ளலாம். மாதம் 30 கிராம் போகும் காரில் 4 கிராம் அளவில் வைத்தால் பானெட் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கும், ஓட்டையை மட்டும் காட்டாது. மந்தமான அளவில் தொடங்கி, பகுதி தெரிந்த பிறகு கூர்மையாக்குங்கள்.

எந்தப் பக்கத்தை எப்போது தேடுவது என்பதும் முக்கியம். ஏசி ஓடும்போது லோ சைடில் 30, 40 பிஎஸ்ஐதான் இருக்கும். நிறுத்திச் சமமான பிறகு அதே பக்கத்தில் 80, 90 ஆகிவிடும். அதனால் லோ சைடு குழாய்களையும், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலையும் நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத் தேடுங்கள். கண்டென்சர் உள்ளிட்ட ஹை சைடை, ஏசியை நன்றாக ஓடவிட்டு நிறுத்திய உடனே பாருங்கள். அழுத்தம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். சூட்டில் விரிந்து திறக்கும் கசிவு அந்தச் சில நிமிடங்களில்தான் பிடிபடும். ஹோஸ்களை மறு கையால் மெதுவாக வளைத்துக்கொண்டே முனையை ஓட்டுங்கள்.

ஒரு முறை கத்தினால் நம்ப வேண்டாம். பிரேக் கிளீனர், பசை, வாஷர் தண்ணீரில் உள்ள ஆல்கஹால் எல்லாம் சில டிடெக்டர்களை ஏமாற்றும். முனையைச் சுத்தமான காற்றுக்குக் கொண்டுபோய் அமைதியாக்குங்கள், சந்தேகமான இடத்தில் காற்று ஊதிக் கலைத்துவிடுங்கள், மறுபடி பிடியுங்கள். மூன்று முறையும் அதே இடத்தில் கத்தினால் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த பிறகு அங்கேயே நிறுத்திவிடாமல் மிச்சம் இருக்கும் இணைப்புகளையும் முழுசாகப் பாருங்கள். ஒரு பெரிய கசிவுக்குப் பின்னால் இன்னொரு சின்னது ஒளிந்திருப்பது அடிக்கடி நடக்கும்.

கூலிங் காயில் என்ற கடினமான இடம்

டேஷ்போர்டுக்குள் புதைந்திருப்பதால் கண்ணால் பார்க்க முடியாது. மாற்றுவதற்குப் பல கார்களில் டேஷ்போர்டையே இறக்க வேண்டும். எனவே இதில் தவறான தீர்ப்பு சொன்னால் பாதிப்பு பெரிது.

ப்ளோயரை முழு வேகத்தில் ஒரு 15 நொடியாவது ஓட்டி, உள்ளே தேங்கிய பழைய காற்றை வெளியேற்றுங்கள். உள்காற்றுச் சுழற்சியில் வைத்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பத்து நிமிடம் போல எதையும் தொடாமல் விடுங்கள். கசியும் கேஸ் பெட்டிக்குள் கீழே தேங்கும். அப்புறம் தண்ணீர் வடியும் குழாயின் வாயில் டிடெக்டர் முனையைக் காட்டுங்கள். அந்தக் குழாயில் தண்ணீர் இருக்கக் கூடாது, முனைக்குள் ஒரு சொட்டு போனாலும் சென்சார் கெட்டுவிடலாம். ஏசி ஓடாமல் நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில் செய்வது நல்லது. முடிந்தால் ப்ளோயர் வேகத்தை மாற்றும் ரெசிஸ்டரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகவும் ஒரு முறை பாருங்கள்.

எஞ்சின் பக்கச் சுவரில், காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு சேரும் இணைப்பு கசிந்தாலும் கேஸ் உள்ளே இழுபட்டு, கூலிங் காயில் போல நடிக்கும். அந்த இணைப்பைத் தனியாகப் பார்த்துச் சரி என்று ஆன பிறகே காயிலைக் குற்றம் சொல்லுங்கள். ஏசியை நிறுத்தியதும் டேஷ்போர்டுக்குள் "உஸ்ஸ்" என்று சில நொடி கேட்பது அழுத்தம் சமமாகும் சத்தம். அது கசிவின் அறிகுறி இல்லை.

ஒளிரும் சாயம்

மெதுவான கசிவுகளுக்கு நான் அதிகம் நம்புவது இதைத்தான். சில கார்களில் தொழிற்சாலையிலேயே சாயம் போட்டிருப்பார்கள். முதலில் புற ஊதா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இல்லாவிட்டால் மட்டும் சேருங்கள். சாயப் புட்டியில் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம், அது எண்ணெயின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காரின் எண்ணெய் வகைக்குப் பொருந்தும் சாயமா என்றும் பாருங்கள். மின்சார கம்ப்ரசருக்கு அதற்கென்றே வரும் சாயம்தான்.

ஏசியை 15, 20 நிமிடம் ஓட்டி, இருட்டில் மஞ்சள் கண்ணாடி போட்டு முதல் சுற்றுப் பாருங்கள். எதுவும் தெரியாவிட்டால் ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். எண்ணெயோடுதான் சாயம் வெளியே வரும் என்பதால் காலம் எடுக்கும். கண்டென்சரை அதற்குள் கழுவிவிட்டால் தடயமும் போய்விடும். ரேடியேட்டர் கூலன்ட்டும் சில வகைகளில் பச்சையாக ஒளிரும், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

காலியான காருக்கு நைட்ரஜன்

உலர்ந்த நைட்ரஜன், கட்டாயம் ரெகுலேட்டர் வழியாக. சிலிண்டருக்குள் 2,000 பிஎஸ்ஐக்கும் மேல் இருக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் திறந்தால் உயிருக்கே ஆபத்து. ஏசிக்குள் 150 பிஎஸ்ஐயைத் தாண்ட வேண்டாம். டயருக்குக் காற்றடிக்கும் சாதாரண கம்ப்ரசரின் காற்றையோ ஆக்சிஜனையோ ஏற்றவே கூடாது. ஆக்சிஜன் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். காற்று ஈரத்தைக் கொண்டுவரும், மிச்சமிருக்கும் கேஸோடு அழுத்தத்தில் கலந்து தீப்பிடிக்கும் கலவையாகவும் மாறலாம்.

ஏற்றிய பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவி, ஒரே இடத்தை ஐந்து நிமிடமாவது பாருங்கள். பெரிய ஓட்டையில் குமிழி பொங்கும். சின்னதில் வெள்ளையாக, பஞ்சு போல நுரை மெதுவாகச் சேரும். கேஜ் இறங்குகிறதா என்று ஓரிரவு விட்டுப் பார்ப்பதானால் வெப்பநிலையையும் எழுதிவையுங்கள். 30 டிகிரியில் ஏற்றிய 150 பிஎஸ்ஐ, விடியற்காலை 20 டிகிரிக்கு வந்தால் கசிவே இல்லாமல் சுமார் 5 பிஎஸ்ஐ இறங்கும்.

"வாக்குவம் (உள்ளே உறிஞ்சி உண்டாக்கிய வெற்றிடம்) நிற்கிறது, கசிவு இல்லை" என்று சொல்லக் கேட்டால் அதை முழுசாக நம்பாதீர்கள். வாக்குவத்தில் இருக்கும் வித்தியாசம் சுமார் 15 பிஎஸ்ஐ மட்டுமே, அதுவும் வெளியிலிருந்து உள்நோக்கி. ஏசி ஓடும்போது 200 பிஎஸ்ஐ உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. வாக்குவத்தில் இறுகி உட்காரும் ஓ-ரிங் அழுத்தத்தில் திறந்துகொள்ளும். பெரிய ஓட்டையை மட்டுமே அந்தச் சோதனை சொல்லும்.

கண்டுபிடித்த பிறகு

கசிவை அடைக்கும் திரவம் என்று விற்பதை ஊற்றாதீர்கள். அது எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கலாம், அடுத்து வேலை செய்பவரின் ரெக்கவரி மெஷினையும் கெடுக்கும்.

உள்ளே இருக்கும் கேஸை மெஷினில் எடுத்து எடையைக் குறித்த பிறகுதான் இணைப்பைத் திறக்க வேண்டும். திறந்த ஒவ்வொரு இணைப்புக்கும் புது ஓ-ரிங், அந்தக் கேஸுக்கு ஏற்ற ரகத்தில், சுத்தமான ஏசி எண்ணெய் தடவி. திறந்த குழாய் வாய்களை உடனே மூடிவையுங்கள். இந்த எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அமைப்பு நாள் கணக்கில் திறந்து கிடந்திருந்தால், உள்ளே ஈரத்தைப் பிடித்துவைக்கும் ட்ரையரையும் மாற்றுங்கள். போன எண்ணெயை ஈடுகட்டி, 30 முதல் 45 நிமிடம் வாக்குவம் எடுத்து, ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில் தராசு வைத்து ஏற்றுங்கள். கேஜ் முள்ளைப் பார்த்து ஏற்றுவது ஊகம்தான்.

ஏற்றியதும் பழுது பார்த்த இடத்தை டிடெக்டரால் ஒரு முறை பாருங்கள். பழைய சாயத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை அதுவே பொய் சொல்லும். தேதியையும் கிராமையும் எழுதி பானெட்டுக்குள் ஒட்டிவையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே இடத்தையும் இரண்டு போர்ட்டுகளையும் மறுபடி ஒரு சுற்றுப் பார்த்து, டிடெக்டர் அமைதியாக இருந்தால் மூடிகளை இறுக்கிவிட்டு பானெட்டைச் சாத்தலாம்.